ஒரு கட்டளை இன்னொன்றுக்காக ஏன் காத்திருக்கிறது?

ஆயிரம் ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண்களை, அதாவது தசமப் புள்ளி உள்ள எண்களை, கூட்ட வேண்டும். நிரலை இரண்டு விதமாக எழுதலாம். முதல் விதம் எல்லாருக்கும் தெரிந்தது: ஒரு மாறியைப் பூஜ்யத்தில் தொடங்கி, எண்களை ஒவ்வொன்றாக அதில் சேர்த்துக்கொண்டே போவது. இரண்டாவது விதத்தில் நான்கு மாறிகள். முதல் எண் முதல் மாறியில், இரண்டாவது எண் இரண்டாவதில், ஐந்தாவது எண் மறுபடியும் முதல் மாறியில் என்று சுற்றிச் சுற்றிச் சேர்த்து, கடைசியில் நான்கையும் கூட்டிக்கொள்ள வேண்டியது. வேலை ஒன்றும் குறையவில்லை. சொல்லப்போனால் கடைசிக் கூட்டல்கள் கூடுதல். ஆனாலும் 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் போன்ற ஒரு பிராசசரில் இரண்டாவது நிரல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக ஓடும்.

ஸ்கைலேக்கில் ஒரு ஃப்ளோட்டிங் பாயிண்ட் கூட்டலைத் தொடங்கி விடை கைக்கு வர 4 கிளாக் சுற்று (பிராசசரின் கடிகாரத் துடிப்பு) ஆகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 2 புதிய கூட்டல்களைத் தொடங்க அதில் வசதி உண்டு. ஆக, 4 சுற்றுக்குள் 8 கூட்டல்களைத் தொடங்கியிருக்கலாம். ஒரே மாறியில் கூட்டும்போது அடுத்த கூட்டலுக்கு முந்தைய கூட்டலின் விடை வேண்டும். அது வரும்வரை கூட்டும் அலகுகள் சும்மா நிற்கின்றன. 8 நடக்க வேண்டிய நேரத்தில் 1 நடக்கிறது. நான்கு மாறி வைத்தால் நான்கு தனிச் சங்கிலிகள்; ஒன்று விடைக்காக நிற்கும்போது மற்ற மூன்றும் ஓடுகின்றன. எட்டு மாறி வைத்தால் அலகுகள் முழுதாக நிரம்பிவிடும். (ஆயிரம் எண் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவை 8,000 பைட். 32 கிலோபைட் முதல்நிலைக் கேஷில், அதாவது பிராசசரை ஒட்டியுள்ள வேகமான சிறு நினைவகத்தில், அடங்கிவிடும். பட்டியல் மிகப் பெரிதானால் மெமரியிலிருந்து எண்கள் வந்து சேரும் வேகம்தான் முட்டுக்கட்டை ஆகும், கூட்டல் அல்ல.)

இப்படி ஒரு கட்டளை (கூட்டு, படி, எழுது என்று பிராசசருக்கு இடும் ஆணை) இன்னொரு கட்டளையை எதிர்பார்த்து நிற்பதற்குத்தான் தரவுச் சார்பு என்று பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கணிப்பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் ஆர்ஏடபிள்யூ, டபிள்யூஏஆர், டபிள்யூஏடபிள்யூ என்று மூன்று பெயர்கள் சட்டென்று வரும். இரண்டு மார்க் கேள்வி, எல்லாருக்கும் மனப்பாடம். விடையில் தப்பில்லை. ஆனால் மூன்றையும் ஒரே தரத்தில் அடுக்கிப் படிப்பதால் முக்கியமான சங்கதி நழுவிவிடுகிறது. இந்த மூன்றில் ஒன்றுதான் நிஜமான சார்பு. மற்ற இரண்டும் பெயரால் வந்த வில்லங்கம். கடந்த அறுபது ஆண்டுகளாகப் பிராசசரை வடிவமைப்பவர்களும் கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) எழுதுகிறவர்களும் பட்ட பாட்டில் ஒரு பெரும் பங்கு, நிஜத்தையும் பெயரையும் பிரித்தெடுப்பதில் போயிருக்கிறது.

நான்கு கட்டளைகளை எடுத்துக்கொள்வோம். 'ர' என்பது ரிஜிஸ்டர், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்.

ர1 = ர2 + ர3
ர4 = ர1 × ர5
ர1 = ர6 + ர7
ர8 = ர1 × ர9

இரண்டாம் வரிக்கு முதல் வரியின் விடை வேண்டும். எழுதிய பிறகே படிக்க முடியும். இது நிஜச் சார்பு (ஆர்ஏடபிள்யூ), இதில் பேரம் கிடையாது. மூன்றாம் வரி ர1இல் புதிதாக ஒன்றை எழுதுகிறது. இரண்டாம் வரி பழைய ர1ஐப் படித்து முடிப்பதற்குள் இது எழுதிவிட்டால் கணக்கு கெட்டுவிடும். படித்த பிறகே எழுத வேண்டும் என்ற இந்தக் கட்டுப்பாடு எதிர்ச் சார்பு (டபிள்யூஏஆர்). முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒரே ர1இல் எழுதுகின்றன; கடைசியில் அதில் தங்க வேண்டியது மூன்றாம் வரியின் விடை. அது வெளியீட்டுச் சார்பு (டபிள்யூஏடபிள்யூ). இப்போது மூன்றாம், நான்காம் வரிகளில் ர1ஐ அடித்துவிட்டு ர10 என்று எழுதிப் பாருங்கள். பின்னால் வேறு யாரும் ர1ஐத் தேடாதவரை, எதிர்ச் சார்பும் போயிற்று, வெளியீட்டுச் சார்பும் போயிற்று. முதல் இரண்டு வரி ஒரு ஜோடி, பின் இரண்டு வரி வேறு ஜோடி. இரண்டு ஜோடிகளும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை மாங்கூழ் ஆலையை வைத்துச் சொன்னால் போதும். பழம் பழுக்க வேண்டும், கழுவ வேண்டும், கொட்டை நீக்கிக் கூழாக்க வேண்டும், அப்புறம் சூடாக்கி நிரப்ப வேண்டும். பழுக்காத காயைக் கூழாக்க எந்த மேனேஜராலும் முடியாது. ஆனால் தொட்டியில் அல்போன்சா கூழ் இருக்கிறது, அதை இன்னும் எடுத்து முடிக்கவில்லை. இந்தப் பக்கம் பெங்களூரா கூழ் தயாராகிவிட்டது, அதை விடவும் அதே தொட்டிதான் என்றால், பெங்களூரா நிற்க வேண்டியதுதான். இரண்டு கூழுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. பக்கத்தில் இன்னொரு தொட்டி இருந்தால் பிரச்சினையே இல்லை.

நான்கே ரிஜிஸ்டர் இருந்த காலம்

இந்த வில்லங்கத்தை முதலில் நேருக்கு நேர் சந்தித்த இயந்திரங்களில் ஒன்று 1964இல் வந்த சிடிசி 6600. சீமோர் கிரேயும் ஜேம்ஸ் தார்ண்டனும் வடிவமைத்தது. கூட்ட, பெருக்க, வகுக்க என்று அதில் 10 தனி அலகுகள். அத்தனையையும் ஒரே நேரத்தில் வேலை வாங்க வேண்டுமென்றால், எந்த அலகு எந்த ரிஜிஸ்டருக்காகக் காத்திருக்கிறது, எதில் எழுதப் போகிறது என்ற கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டும். அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுதான் ஸ்கோர்போர்டு. நிஜச் சார்பு இருந்தால் மதிப்பு வரும்வரை அந்த அலகு மட்டும் நிற்கும்; பின்னால் வரும் தொடர்பில்லாத கட்டளைகள் முந்திப் போகலாம். அதுவரை சரி. ஆனால் பெயர்ச் சார்பு, அதாவது எதிர்ச் சார்போ வெளியீட்டுச் சார்போ, வந்தால் ஸ்கோர்போர்டுக்கும் நிற்பதைத் தவிர வேறு வழி தெரியாது. இரண்டு கட்டளைகள் ஒரே ரிஜிஸ்டரில் எழுதப் பார்த்தால் இரண்டாவது உள்ளேயே நுழையாது. அதற்குப் பின்னால் உள்ள எல்லாமும் நிற்கும். கணக்கை முடித்துவிட்ட அலகுகூட, பழைய மதிப்பை இன்னொருவர் படித்து முடிக்கும்வரை விடையைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கும்.

ஐபிஎம்முக்கு நெருக்கடி இதைவிட அதிகம். சிஸ்டம்/360 வரிசையில் எல்லா மாடல்களும் ஒரே நிரலை ஓட்ட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த வரிசைக்கு வகுத்திருந்த ஃப்ளோட்டிங் பாயிண்ட் ரிஜிஸ்டர்கள் மொத்தமே 4. மாடல் 91ஐ மிக வேகமான இயந்திரமாகச் செய்ய வேண்டும். ஆனால் நான்கே பெயர்களை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய நிரலை எழுதினாலும் பெயர்கள் முட்டிக்கொண்டே இருக்கும். பெயர்களைக் கூட்டவும் முடியாது, பழைய நிரல்கள் கெட்டுவிடும். இந்த இக்கட்டிலிருந்துதான் ராபர்ட் டொமாசுலோவின் வழிமுறை பிறந்தது. 1967 ஜனவரியில் ஐபிஎம்மின் ஆய்விதழில் அது வெளியானது.

டொமாசுலோ செய்தது இதுதான். கட்டளை உள்ளே வந்ததும் அதன் ரிஜிஸ்டர் பெயரைத் தூக்கி எறிந்துவிடு. மதிப்பு ஏற்கெனவே இருந்தால் அதையே பிரதி எடுத்து, கட்டளை காத்திருக்கும் இடத்தில் வைத்துக்கொள். மதிப்பு இன்னும் வரவில்லை என்றால், அதை யார் தரப்போகிறார்களோ அவர்களுடைய அடையாள எண்ணைக் குறித்துக்கொள். விடை தயாரானதும் அது ஒரு பொதுத் தடத்தில் அடையாள எண்ணோடு அறிவிக்கப்படும். அந்த எண்ணுக்காகக் காத்திருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்வார்கள். இப்படி வைத்துக்கொண்டால் ர1 என்ற பெயரைப் பத்துக் கட்டளைகள் பயன்படுத்தினாலும் மோதல் கிடையாது. எதிர்ச் சார்பு, வெளியீட்டுச் சார்பு இரண்டும் மறைந்துபோகும். மிஞ்சுவது நிஜச் சார்பு மட்டும். இந்தத் துறையில் இதற்கு இணையான யோசனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே என்பது என் எண்ணம். 1997இல் கணினி வடிவமைப்புக்கான எக்கர்ட்-மாக்லி விருது அவரைத் தேடி வந்தது.

அப்படியானால் ஏன் எல்லாரும் உடனே அதைப் பின்பற்றவில்லை? வரிசை மாற்றி ஓடும் இயந்திரத்தில் நடுவில் ஒரு பிழை நேர்ந்தால், எந்தக் கட்டளைவரை முடிந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாடல் 91க்கும் அந்தச் சிக்கல் இருந்தது. விடைகள் எந்த வரிசையில் வந்தாலும், அவற்றை நிரலின் வரிசைப்படியே பதிவேற்றும் முறையை ஜேம்ஸ் ஸ்மித்தும் ஆண்ட்ரூ பிளெஸ்குனும் 1985இல் விளக்கினார்கள். அதன் பிறகுதான் கதவு அகலத் திறந்தது. 1995இல் வந்த பென்டியம் புரோவில் நிரல் எழுதுபவருக்குத் தெரிவது 8 ரிஜிஸ்டர். உள்ளே, கட்டளைகளைப் பிரித்து உண்டாக்கும் சிறு கட்டளைகள் ஒரே நேரத்தில் 40 வரை வரிசையில் நிற்கலாம். ஸ்கைலேக்கில் வெளியே தெரியும் முழுஎண் ரிஜிஸ்டர் பெயர்கள் 16. உள்ளே இருக்கும் நிஜ ரிஜிஸ்டர்கள் 180. வரிசையில் நிற்கக்கூடிய சிறு கட்டளைகள் 224. இன்று நம் கையில் உள்ள லேப்டாப்பில் ரிஜிஸ்டரின் பெயர் என்பது ஒரு முகவரி மட்டுமே. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறிக்கொண்டிருக்கிறது.

கம்பைலர் கழற்றுகிறது, மாட்டுகிறது

பெயர்ச் சார்பைக் கம்பைலரும் தன் பங்குக்குக் களைகிறது. 1980களின் பிற்பகுதியில் ஐபிஎம் ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கி, 1991இல் சைட்ரான், ஃபெரான்டே, ரோசன், வெக்மன், சாடெக் ஆகிய ஐவரின் கட்டுரையால் நிலைபெற்ற ஒரு வடிவம் இருக்கிறது, எஸ்எஸ்ஏ என்பார்கள். ஒரு பெயருக்கு ஒரு முறைதான் மதிப்புத் தரலாம் என்பதே அதன் விதி. நிரலில் 'தொகை' என்ற மாறிக்கு மூன்று இடத்தில் மதிப்பு வைத்தால், கம்பைலர் உள்ளுக்குள் அதைத் தொகை1, தொகை2, தொகை3 என்று மூன்றாக்கிவிடும். இப்படியான பாதை, அப்படியான பாதை என்று இரண்டு வழிகள் சேரும் இடத்தில் மட்டும் எந்தப் பாதையில் வந்தோமோ அந்தப் பெயரை எடுத்துக்கொள் என்று ஒரு குறிப்பு. இந்த வடிவத்தில் மாறிகளுக்கிடையே எதிர்ச் சார்பும் வெளியீட்டுச் சார்பும் இருக்கவே முடியாது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் இதன்மேல் கட்டப்பட்டது. ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலர் 2005இல் வந்த 4.0 பதிப்பில் இதற்கு மாறியது.

ஆனால் கடைசியில் கம்பைலர் இயந்திரக் கட்டளைகளை எழுதியாக வேண்டும். அங்கே இருப்பது 16 பெயர், அல்லது ஏஆர்எம் 64இல் போல 31 பெயர். ஆயிரக்கணக்கில் பிரித்து வைத்த பெயர்களை மறுபடி இந்தக் கைப்பிடிப் பெயர்களுக்குள் அடைக்க வேண்டும். அடைத்ததும், கழற்றிப் போட்ட பெயர்ச் சார்புகள் திரும்ப வந்துவிடுகின்றன. அப்புறம் பிராசசர் அந்தக் கட்டளைகளை வாங்கி, பெயர்களை மறுபடி கழற்றி, உள்ளே இருக்கும் 180இல் ஒன்றை ஒதுக்குகிறது. நிரல் எழுதுபவர் ஒரே மாறியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார், கம்பைலர் பிரிக்கிறது, கம்பைலரே சேர்க்கிறது, பிராசசர் பிரிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் நடுவில் உள்ள அந்தக் குறுகலான வாசல், அதாவது கட்டளைத் தொகுதி, பழைய நிரல்களுக்கும் புதிய பிராசசர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். அதை அகலமாக்கினால் பழைய நிரல் ஓடாது. ஒப்பந்தத்தை மீறாமல் இருப்பதற்கான விலைதான் இந்த இரட்டை வேலை.

பிரித்தெடுப்பது எப்போதும் கச்சிதமாக நடப்பதில்லை. ஒரு ரிஜிஸ்டரைப் பூஜ்யமாக்க அதைத் தன்னோடே எக்ஸார் செய்வது (பிட்டுகளை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்தால் 0 தருவது) இன்டெல், ஏஎம்டி பிராசசர்களின் எக்ஸ்86 உலகில் பழைய பழக்கம். எழுத்துப்படி பார்த்தால் அந்தக் கட்டளை பழைய மதிப்பைப் படிக்கிறது, ஆகவே காத்திருக்க வேண்டும். ஆனால் எதை வைத்தாலும் விடை பூஜ்யம்தானே? இன்றைய இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள் இந்த ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு, சார்பே இல்லை என்று எடுத்துக்கொள்கின்றன. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஓர் எண்ணில் எத்தனை ஒன்றுகள் என்று எண்ணும் பாப்கவுண்ட் கட்டளை, விடையை எழுதும் ரிஜிஸ்டரின் பழைய மதிப்பைத் தொடவே வேண்டியதில்லை. ஆனாலும் சாண்டி பிரிட்ஜ் தொடங்கிப் பல தலைமுறை இன்டெல் பிராசசர்கள் அந்தப் பழைய மதிப்புக்காகவும் காத்திருந்தன. கம்பைலர் எந்த ரிஜிஸ்டரைத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பொறுத்து அதே லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதியின்) வேகம் பாதியாகக்கூடக் குறைந்தது. பிறகு ஜிசிசி அந்தக் கட்டளைக்கு முன்னால் ஓர் எக்ஸாரைச் செருகிச் சங்கிலியை அறுக்கக் கற்றுக்கொண்டது. ஒரு கட்டளை கூடினால் வேகம் கூடுகிறது. சார்பைப் பற்றித் தெரியாதவர் கம்பைலர் எழுதித் தந்த அசெம்ப்ளியை, அதாவது இயந்திரக் கட்டளைப் பட்டியலை, பார்த்தால் கம்பைலருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்.

மெமரியில் பெயரே கிடையாது

இதுவரை பேசியதெல்லாம் ரிஜிஸ்டர். அங்கே பெயர் கட்டளையிலேயே எழுதியிருக்கிறது. மெமரிக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. அங்கே இடத்தைக் காட்டுவது பாயிண்டர், அதாவது முகவரியை வைத்திருக்கும் மாறி. 'இந்தப் பாயிண்டர் காட்டும் இடத்தில் 5 எழுது', அடுத்து 'அந்தப் பாயிண்டர் காட்டும் இடத்திலிருந்து படி'. இரண்டு பாயிண்டரும் ஒரே இடத்தைக் காட்டினால் நிஜச் சார்பு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. கம்பைலர் நிரலைப் படிக்கும்போது பெரும்பாலும் இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் முகவரி ஓடும்போதுதான் தெரியும்.

தெரியாதபோது கம்பைலர் பயந்த சுபாவம் உடையது. சார்பு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு துணைநிரலுக்குக் கொடுக்கும் அணிகளில் (எண் பட்டியல்களில்) ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றோடு மேற்பொருந்தக் கூடாது என்பது விதி. சி மொழியில் அப்படி விதி இல்லை. கணக்கு வேலைகளில் சி நெடுங்காலம் ஃபோர்ட்ரானுக்குப் பின்தங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1999ஆம் ஆண்டு சி தரநிர்ணயத்தில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல் சேர்ந்தது. இந்தப் பாயிண்டர் வழியாகத் தொடும் இடத்தை வேறு யாரும் தொட மாட்டார்கள் என்று நாம் கொடுக்கும் வாக்கு அது. வாக்கைக் காப்பாற்றாவிட்டால் கம்பைலர் எச்சரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விடை சத்தமில்லாமல் தப்பாகும். வாக்குக் கொடுக்காவிட்டாலும் இன்றைய ஜிசிசியும் எல்எல்விஎம்மும் ஒரு வழி வைத்திருக்கின்றன: ஒரே லூப்பை இரண்டு பிரதியாக எழுதிவைத்து, ஓடும்போது அணிகள் மேற்பொருந்துகின்றனவா என்று சோதித்து, இல்லையென்றால் வேகமான பிரதிக்குப் போகின்றன.

பிராசசருக்கும் இதே குழப்பம். முந்தைய எழுத்துக் கட்டளையின் முகவரி இன்னும் கணக்காகவில்லை. பின்னால் ஒரு படிப்புக் கட்டளை தயாராக நிற்கிறது. விடலாமா, வேண்டாமா? 1998 வாக்கில் வந்த ஆல்ஃபா 21264, எந்தப் படிப்புக் கட்டளை முன்பு இப்படி முந்திப்போய் அடிபட்டது என்று ஓர் அட்டவணை வைத்துக்கொண்டது. அடிபட்டவற்றை மட்டும் அடுத்த முறை நிறுத்திவைக்கும். இன்டெல் 2006இல் கோர் வரிசையில் இத்தகைய ஊகத்தைக் கொண்டுவந்தது. பெரும்பாலான நேரம் ஊகம் பலிக்கும். பலிக்காவிட்டால் படித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யும். விடை எப்போதும் சரியாகவே இருக்கும்.

விடை சரியாக இருந்தாலும் தடயம் மிஞ்சும் என்பதை 2018 காட்டியது. ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாடுகள் வெளிவந்தன. மே மாதம் அதே குடும்பத்தில் நான்காவது வகை: சார்பு இல்லை என்று தவறாக ஊகித்து முந்திப்போன படிப்புக் கட்டளை பழைய மதிப்பை எடுக்கிறது, அந்த மதிப்பை முகவரியாக வைத்து இன்னொன்றைப் படிக்கிறது, ஊகம் தப்பு என்று தெரிந்ததும் ரிஜிஸ்டர்கள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, ஆனால் கேஷில் வந்து உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். எது வேகமாகக் கிடைக்கிறது என்று நேரத்தை அளந்தால் ரகசியத்தைக் கண்டுபிடிக்கலாம்.

லூப்புகளில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அ என்ற அணியின் ந-ஆவது இடத்தை அ[ந] என்று எழுதுவோம். அ[ந] = அ[ந] + 1 என்றால் ஒவ்வொரு சுற்றும் தனி. அ[ந] = அ[ந−1] + அ[ந] என்றால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அ[ந] = அ[ந−4] + அ[ந] என்றால் நான்கு நான்காகப் போகலாம். இதைக் கம்பைலர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம்: ஒரு வரி அ[2ந]இல் எழுதுகிறது, இன்னொன்று அ[2ந+1]இலிருந்து படிக்கிறது. ஒன்று எப்போதும் இரட்டைப்படை இடம், மற்றது ஒற்றைப்படை. சந்திக்க வாய்ப்பே இல்லை. பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தியை வைத்தே இந்தச் சோதனையைப் பொதுவாக்கலாம். 1970களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் குக்கின் குழுவில் இந்தத் துறை வளர்ந்தது. அங்கே ஆய்வு செய்த உத்பல் பானர்ஜியின் பெயரில் ஒரு சோதனையே இருக்கிறது.

சரி, ஆரம்பத்தில் சொன்ன கூட்டலில் நான்கு மாறியாகப் பிரிக்கும் வேலையைக் கம்பைலரே ஏன் செய்யக்கூடாது? முழுஎண்களுக்குச் செய்கிறது. ஃப்ளோட்டிங் பாயிண்டுக்குச் செய்யாது, ஏனென்றால் அங்கே கூட்டும் வரிசை மாறினால் விடை மாறலாம். 64 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்டில் பத்தாயிரம் லட்சம் கோடியோடு, அதாவது 10ன் அடுக்கு 16ஓடு, 1ஐக் கூட்டினால் அந்த 1 காணாமல் போய்விடும். பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டு அப்புறம் 1ஐக் கூட்டினால் விடை 1. எது சரி என்று கம்பைலர் தீர்ப்புச் சொல்லாது. எழுதியவர் எந்த வரிசையில் எழுதினாரோ அதைக் காப்பாற்றும். வரிசை மாறினாலும் பரவாயில்லை என்று 'ஃபாஸ்ட் மேத்' தேர்வைக் கொடுத்தால்தான் பிரிக்கும்.

ஆக, நிரலில் நிஜச் சார்பாகத் தெரிவதும் எழுதியவர் தேர்ந்தெடுத்த வரிசையாக இருக்கலாம். மேலே சொன்ன அ[ந] = அ[ந−1] + அ[ந] போன்ற சங்கிலியைக்கூட உடைக்க முடியும் என்று பீட்டர் காக்கும் ஹரால்ட் ஸ்டோனும் 1973இல் காட்டினார்கள். முதலில் பக்கத்து எண்ணோடு, அப்புறம் இரண்டு தள்ளி, நான்கு தள்ளி, எட்டு தள்ளி என்று கூட்டிக்கொண்டு போனால் 1,024 எண்களுக்கு 10 கட்டங்கள் போதும். மொத்தக் கூட்டல்கள் அதிகமாகும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எல்லாக் கூட்டல்களும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அலகுகள் நிறைய இருக்கும் கிராஃபிக்ஸ் பிராசசரில் இது லாபம், ஒரே அலகு உள்ள சிறு சிப்பில் நஷ்டம்.

எந்த வித்தையும் எளிதில் பலிக்காத இடம் லிங்க்டு லிஸ்ட். அடுத்த கணு எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணுவுக்குள்தான் எழுதியிருக்கிறது. கேஷில் இருந்தாலே ஒவ்வொரு தாவலுக்கும் 4, 5 சுற்று. மெயின் மெமரிக்குப் போனால் சில நூறு சுற்று. 224 கட்டளைகள் நிற்கும் வரிசை இருந்தும் அதில் பாதி அடுத்த முகவரிக்காக வாய்பார்த்து நிற்கும். அதனால்தான் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் நேர்த்தியாகத் தெரியும் லிங்க்டு லிஸ்டை, வேகம் முக்கியமான நிரல்களில் அனுபவசாலிகள் தவிர்க்கிறார்கள். இதையும் விடாமல், வரப்போகும் மதிப்பையே ஊகிக்கலாம் என்ற யோசனை 1990களிலிருந்து இருக்கிறது. ஆப்பிளின் எம்2 சிப் அடுத்துப் படிக்கப்போகும் முகவரியையும், எம்3 படித்து வரப்போகும் மதிப்பையும் ஊகிப்பதாக 2025 ஜனவரியில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கூடவே, அதன் வழியாகத் தகவல் கசிவதையும் காட்டினார்கள்.

யார் பொறுப்பு?

சார்பைப் பார்த்துக்கொள்வது வன்பொருளின் வேலையா, கம்பைலரின் வேலையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 1980களில் மிப்ஸ் சிப்பின் முதல் வடிவம், மெமரியிலிருந்து படித்த மதிப்பை உடனடியாக அடுத்த கட்டளையில் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. நடுவில் தொடர்பில்லாத ஒரு கட்டளையைப் போடுவது கம்பைலரின் பொறுப்பு. கிடைக்காவிட்டால் ஒன்றும் செய்யாத கட்டளை ஒன்றைப் போட வேண்டும். சிப்பு எளிமையானது, ஆனால் அந்தச் சட்டம் நிரல்களில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. மிப்ஸே அடுத்த பதிப்பில் அதைக் கைவிட்டது. 2001இல் வந்த இன்டெலின் இட்டானியம் அதே நம்பிக்கையைப் பெரிய அளவில் வைத்தது. எந்தக் கட்டளைகள் ஒன்றோடொன்று சார்பற்றவை என்று கம்பைலரே குறித்துக் கொடுக்கும். பிராசசர் தேட வேண்டியதில்லை. 128 முழுஎண் ரிஜிஸ்டர் பெயர்களும் கொடுத்தார்கள். ஆனால் ஒரு படிப்புக் கட்டளை கேஷில் கிடைத்து உடனே முடியுமா, மெமரிவரை போய் முந்நூறு சுற்று ஆகுமா என்பது கம்பைலருக்கு முன்கூட்டியே தெரியாது. ஓடும்போது வரிசையை மாற்றிக்கொள்ளும் பிராசசருக்கு அது தெரியும். இட்டானியம் தோற்றதற்குச் சந்தைக் காரணங்களும் உண்டு. தொழில்நுட்பக் காரணத்தில் இதையே நான் முதலில் வைப்பேன். 2021 ஜூலையோடு அதன் விநியோகம் நின்றது.

ஆனால் எல்லாச் சிப்பும் லேப்டாப் சிப் அல்ல, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதை மறந்துவிடக் கூடாது. ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கத்திலும் மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. இப்படிப்பட்ட மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் வேலைக்குப் பொதுவாகப் பயன்படுவது சின்ன மைக்ரோகண்ட்ரோலர்கள். ஏஆர்எம்மின் கார்டெக்ஸ் எம்4 அத்தகைய ஒன்று. மூன்று படி பைப்லைன், அதாவது ஒரு கட்டளையை மூன்று கட்டமாகச் செய்யும் வரிசை. கட்டளைகளை எழுதிய வரிசையிலேயே எடுத்து ஓட்டும். பெயர் மாற்றும் வித்தை எதுவும் கிடையாது. சென்னை ஐஐடியின் சக்தி வரிசையில் உள்ள சி வகுப்புப் பிராசசரும் வரிசை மாற்றாதது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒரு கணக்கு முடிய எத்தனை சுற்று ஆகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஊகம் செய்யும் பிராசசர் தொல்லை.

அந்த மாதிரிச் சிப்பில் சார்பைச் சமாளிப்பது முழுக்கக் கம்பைலரின் கையில், அல்லது நம் கையில். எம்4இன் ஃப்ளோட்டிங் பாயிண்ட் கூட்டலும் பெருக்கலும் 1 சுற்றில் முடியும். ஆனால் விடையை அடுத்த கட்டளையே கேட்டால் இன்னொரு சுற்று கூடும். வகுத்தலுக்கு 14 சுற்று. நடுவில் தொடர்பில்லாத ஒரு கட்டளையை நகர்த்தி வைத்தால் அந்தக் கூடுதல் சுற்று மிச்சம். ஜிசிசிக்கு இந்த அட்டவணை தெரியும், ஆனால் எந்தச் சிப்புக்காகக் கம்பைல் செய்கிறோம் என்று நாம் சொன்னால்தான் அதை எடுத்துப் பார்க்கும். கல்லூரி புராஜெக்ட்டுகளில் இணையத்திலிருந்து எடுத்த மேக்ஃபைலை (எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்ற குறிப்புக் கோப்பை) அப்படியே ஓட்டுவது வழக்கம். அதில் சிப்பின் பெயர் வேறாக இருக்கும், ஆப்டிமைசேஷன் (நிரலை வேகப்படுத்தும் தேர்வு) பூஜ்யத்தில் இருக்கும். பூஜ்யத்தில் கம்பைலர் ஒவ்வொரு மாறியையும் மெமரியில் எழுதி உடனே திரும்பப் படிக்கும். அசெம்ப்ளி வெளியீட்டை ஒரு முறை திறந்து, எழுதியதையே அடுத்த வரியில் படிக்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு, சிப்பின் பெயரைச் சரியாகக் கொடுத்து இரண்டாம் நிலை ஆப்டிமைசேஷனில் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.